பிள்ளை போனால் பணமும் போகும்: டெட்ராய்ட் பள்ளிகளின் கடன் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசுப் பள்ளிகளை நேரடியாக நடத்துவது ஒன்றிய அரசும் அன்று, மாநில அரசும் அன்று. அந்தப் பொறுப்பு ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளிடம் உள்ளது. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை மாநகராட்சிக்குக் கட்டுப்படாதவை. தமக்கென எல்லையும், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியமும், வரி விதிக்கவும் கடன் வாங்கவும் சட்டம் அளித்த உரிமையும் கொண்டவை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது; ஓர் ஊரில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்பதற்காக அந்த ஊர் ஆசிரியரின் சம்பளம் நின்றுபோவதில்லை. அமெரிக்கப் பள்ளி மாவட்டத்துக்கோ தனி வரவும் தனிச் செலவும் தனிக் கடனும் உண்டு. அவை கைமீறிப் போனால், ஒரு நகரத்தின் பள்ளிகள் அனைத்தும் சேர்ந்தே திவால் நிலையை எட்டிவிடும். மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் பள்ளி மாவட்டம் 2016-இல் அந்த விளிம்பில் நின்றது. நிர்வாகத் திறமையின்மையும் ஊழலும்தான் காரணம் என்று அப்போது பலரும் சொல்லி முடித்துக்கொண்டனர். ஆனால் பிள்ளையோடு சேர்ந்து பணமும் வெளியேறும்படி அமைத்த நிதி முறையும், பற்றாக்குறையைக் கடனால் மூடிய வழக்கமும், டெட்ராய்ட் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத மேலாளர்கள் கையில் பல ஆண்டுகள் இருந்த அதிகாரமும் சேர்ந்தே அந்த மாவட்டத்தைச் சாய்த்தன என்பதுதான் வரலாறு காட்டும் உண்மை.

அமெரிக்கப் பள்ளிகளுக்கு நெடுங்காலமாக முதன்மை உள்ளூர் வருவாயாக இருந்து வருவது சொத்து வரி. வரி விதிப்பின் அலகு ‘மில்’. வரிக்குரிய சொத்து மதிப்பில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் ஒரு டாலர் வரி என்றால் அது ஒரு மில். விலையுயர்ந்த வீடுகளும் பெரிய தொழிற்சாலைகளும் நிறைந்த மாவட்டத்தில் சில மில் வரியே பெருந்தொகையைக் கொண்டுவந்து சேர்க்கும். மதிப்பிழந்த வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் அதைப்போல் இரு மடங்கு மில் விதித்தாலும் பாதிப் பணம்கூடத் தேறாது. இந்த ஏற்றத்தாழ்வு அரசமைப்புக்கு முரணானது என்று டெக்சாசின் சான் அன்டோனியோ நகரப் பெற்றோர் தொடுத்த வழக்கில், 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கு ஒன்று அதே நீதிமன்றத்துக்கு வந்தது. டெட்ராய்டிலும் அதைச் சூழ்ந்த 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களிலும் கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் ஒருங்கே படிக்க வைக்கக் கீழ் நீதிமன்றம் வகுத்த திட்டத்தை, ‘மில்லிக்கன் எதிர் பிராட்லி’ எனப்படும் அந்த வழக்கில், மீண்டும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இனப் பிரிவினை பற்றிய தீர்ப்பாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. அதன் நிதி விளைவும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. நகரத்துக்கும் புறநகருக்கும் இடையே இருந்த எல்லைக்கோடு அன்று முதல் நீதிமன்றத்தாலும் தாண்ட முடியாத வேலியாயிற்று. வசதி உள்ள குடும்பம் அந்தக் கோட்டைக் கடந்து குடிபோனால், அதன் வரியும் அதன் பிள்ளையும் நகரப் பள்ளிகளுக்கு இல்லாமல் போயின.

மிச்சிகன் மாநிலம் இந்தச் சொத்து வரி முறையை 1990-களில் மாற்றியமைத்தது. 1993 மார்ச்சில், மாநிலத்தின் வடபகுதியில் உள்ள கல்காஸ்கா என்னும் சிற்றூர்ப் பள்ளி மாவட்டம், கூடுதல் வரிக்கு வாக்காளர்கள் இசையாத நிலையில், கல்வியாண்டு முடியும் முன்பே பள்ளிகளை மூடியது. நாடு முழுவதும் அது செய்தியாயிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் ‘முன்மொழிவு ஏ’ நிறைவேறியது. மாநில விற்பனை வரி 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்ந்தது. குடியிருக்கும் வீட்டின் மீது பள்ளிகளின் நடைமுறைச் செலவுக்காக விதிக்கப்பட்டு வந்த உள்ளூர் வரி நீங்கி, கடைகள், தொழிற்சாலைகள், வாடகை வீடுகள் போன்ற பிற சொத்துகளின் மீது மட்டும் 18 மில் வரி நின்றது. மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று அடிப்படை மானியம் ஒன்றை நிர்ணயித்து, உள்ளூர் வரி போக மீதத்தை மாநிலமே கொடுத்தது. ஏழை மாவட்டங்களுக்கும் வளமான மாவட்டங்களுக்கும் இடையே இருந்த பள்ளத்தை இது ஓரளவு தூர்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டடச் செலவை இந்தச் சீர்திருத்தம் தொடவே இல்லை. கூரை மாற்றவும் கொதிகலன் வாங்கவும் அந்தந்த மாவட்டமே கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தந்த ஊர்ச் சொத்து வரியிலிருந்தே அடைக்க வேண்டும் என்ற பழைய நிலை அப்படியே நீடித்தது. நடைமுறை வருவாயில் பெரும்பகுதி மாணவர் எண்ணிக்கையைச் சார்ந்ததாகிவிட்டது என்பது அதன் மற்றொரு விளைவு.

அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ‘கணக்கெடுப்பு நாள்’. அக்டோபர் முதல் புதன்கிழமை ஒன்றும் பிப்ரவரியில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு நாள்கள் இதற்கென உண்டு. இரண்டிலும் அக்டோபர் எண்ணிக்கைக்கே 90 விழுக்காடு எடை. அன்று வகுப்பில் இருந்த பிள்ளைக்குப் பணம் வரும். வராத பிள்ளைக்கு, விடுப்புக்கான காரணத்தையும் குறித்த நாள்களுக்குள் அவர் திரும்பி வந்ததையும் ஆவணத்தில் காட்டினால்தான் வரும். ஆகவே அந்தப் புதன்கிழமைக்குப் பல வாரங்கள் முன்பே டெட்ராய்ட் பள்ளிகளில் ஏற்பாடுகள் தொடங்கிவிடும்: பெற்றோருக்குத் தொலைபேசி அழைப்புகள், வீடு வீடாகச் சென்று நினைவூட்டல், அன்றைய தினம் பிள்ளைகளுக்கு பீட்சாவும் விளையாட்டும் பரிசுகளும். ஒரு நாள் வருகைப் பதிவேடு ஓராண்டின் வரவு செலவையே முடிவு செய்யும்போது, தலைமையாசிரியர் அன்று கற்பித்தலை விடுத்து ஆள்சேர்ப்பில் இறங்குவதைக் குறையாகச் சொல்ல முடியாது. அப்படி ஒரு கட்டாயத்தை அவர் மேல் சுமத்திய முறையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

மாணவர் தலைக்கு இவ்வளவு என்னும் கணக்கு நியாயமாகத் தோன்றுவது, செலவும் அதே கணக்கில் கூடிக் குறையும் என்ற நினைப்பால்தான். பள்ளிச் செலவு அப்படிக் குறைவதில்லை. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள, 400 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால், வகுப்புக்கு மூன்று பேர் வீதம் 27 பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2010-களின் நடுப்பகுதியில் டெட்ராய்டுக்கு மாணவர் ஒருவருக்குக் கிடைத்த அடிப்படை மானியம் ஏழாயிரத்துச் சொச்சம் டாலர். ஆக அந்தப் பள்ளிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர் இழப்பு. ஆனால் எந்த வகுப்பிலும் ஆசிரியரைக் குறைக்க இடமில்லை. 28 பேர் இருந்த அறையில் 25 பேர் இருந்தாலும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். கொதிகலன் அதே எரிவாயுவைக் குடிக்கும், பேருந்து அதே தெருக்களைச் சுற்றும், கூரை அதே அளவு ஒழுகும். குறைக்கக்கூடியவை என்று மிஞ்சுபவை நூலகர், செவிலியர், இசை ஆசிரியர், ஆலோசகர் ஆகிய பணியிடங்களே. அவற்றைக் குறைத்ததும் பள்ளி மேலும் பொலிவிழக்கிறது. அதைக் கண்டு இன்னும் சில பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த அக்டோபரில் மேலும் பணம் குறைகிறது. பள்ளியையே மூடினால் கட்டடச் செலவு மிச்சமாகும் என்றாலும், மூடிய பள்ளியின் பிள்ளைகளில் கணிசமானோர் அடுத்த தெருப் பள்ளிக்குப் போகாமல் மாவட்டத்தை விட்டே போய்விடுகிறார்கள்.

டெட்ராய்டில் இந்தச் சுழல் அரை நூற்றாண்டு ஓடியது. 1950-இல் பதினெட்டரை லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 2010-இல் 7,13,777 ஆகச் சுருங்கியது. 1960-களின் நடுவில் மூன்று லட்சத்தை நெருங்கிய மாணவர் எண்ணிக்கை 2000-ஐ ஒட்டி 1,60,000 அளவில் இருந்தது. 2015-16 கல்வியாண்டில் சுமார் 47,000. மக்கள் வெளியேறியது மட்டுமே இதற்குக் காரணமன்று. 1993-இல் மிச்சிகன் இயற்றிய சட்டம் ‘சார்ட்டர் பள்ளி’களுக்கு வழி திறந்தது. பொதுப் பணத்தில் நடந்தாலும் பள்ளி மாவட்டத்துக்குக் கட்டுப்படாத பள்ளிகள் இவை. மிச்சிகனில் இவற்றில் பெரும்பாலானவற்றை நிர்வகிப்பவை லாபநோக்கு நிறுவனங்கள். 1996-இல் அண்டை மாவட்டப் பள்ளிகளில் சேரவும் அனுமதி வந்தது. 2011-இல், பல்கலைக்கழகங்கள் உரிமம் அளிக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு இருந்த எண்ணிக்கை உச்சவரம்பும் நீங்கியது. பெற்றோர் தம் பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடுவதில் தவறேதும் இல்லை. எந்தத் தெருவில் எத்தனை பள்ளிகள் தேவை என்று தீர்மானிக்கும் பொறுப்பு யாரிடமும் இல்லாமல், பிள்ளைகள் குறைந்துகொண்டே போன ஒரு நகரத்தில் பள்ளிகளைப் பெருக்கிக்கொண்டே போனதுதான் தவறு.

மாநில அரசு இந்த மாவட்டத்தின் ஆட்சியை முதன்முதலில் எடுத்துக்கொண்டது 1999-இல். ஆளுநர் ஜான் எங்ளர் காலத்தில் இயற்றிய சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை ஒதுக்கிவிட்டு நியமன வாரியத்தை அமர்த்தியது. அப்போது மாவட்டத்தின் கையில் ஏறத்தாழ 9 கோடி டாலர் உபரி இருந்தது. பள்ளிக் கட்டடங்களுக்கென 1994-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த 150 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டமும் இருந்தது. 2005-இல் மீண்டும் தேர்தல் நடந்து, மறு ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் பொறுப்பேற்றபோது, உபரி கரைந்து, 20 கோடி டாலருக்கு மேற்பட்ட பற்றாக்குறையும் அதை மூட வாங்கிய நீண்டகாலக் கடனுமே எஞ்சியிருந்தன. இந்த ஒரு வரலாற்றுச் செய்தியை மனத்தில் இருத்தாமல் டெட்ராய்ட் பள்ளிகளின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. அந்த மக்களுக்குத் தங்கள் பள்ளிகளை ஆளத் தெரியவில்லை என்ற பேச்சு மிச்சிகனில் பல ஆண்டுகள் ஒலித்தது. கடனின் பெரும்பகுதியோ அவர்கள் வாக்குக்கு மதிப்பில்லாத ஆண்டுகளில் சேர்ந்தது.

2009-இல் ஆளுநர் ஜெனிஃபர் கிரான்ஹோம் அவசர நிதி மேலாளராக ராபர்ட் பாபை நியமித்தார். அவசர மேலாளர் என்பவர், நிதி நெருக்கடியில் உள்ள உள்ளாட்சி அமைப்பை நடத்த மாநிலம் அனுப்பும் அலுவலர். 2011-இல் வந்த சட்டம், வாரியத்தின் அதிகாரங்கள் முழுவதையும் எடுத்துக்கொள்ளவும், தொழிற்சங்க ஒப்பந்தங்களை மாற்றவும், ரத்து செய்யவும் அவருக்கு இடம் கொடுத்தது. 2012 நவம்பரில் மாநில வாக்காளர்கள் வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தை நிராகரித்தனர். சில வாரங்களுக்குள் சட்டமன்றம் அதே போக்கில் வேறொரு சட்டத்தை இயற்றியது. பாபை அடுத்து ராய் ராபர்ட்ஸ், ஜாக் மார்ட்டின், டார்னெல் எர்லி என ஒருவர் மாற்றி ஒருவர் வந்தனர். பாபின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. ஆனாலும் 2009 ஜூனில் 21.9 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை அடுத்த ஜூனில் 32.7 கோடியாக உயர்ந்தது. 2009 இறுதியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆசிரியர்கள் ஒவ்வொரு சம்பளக் காசோலையிலும் 250 டாலர் வீதம், மொத்தம் 10,000 டாலர் வரை மாவட்டத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. வட்டி கிடையாது, வேலையை விட்டுப் போகும்போதுதான் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். அதாவது பள்ளி மாவட்டம் தன் ஆசிரியர்களிடமே கைமாற்று வாங்கியது. 2011-இல் அந்த ஆசிரியர்களின் சம்பளத்தில் பத்து விழுக்காடு வெட்டும் விழுந்தது. அதற்குப் பின்னும் நல்ல ஆசிரியர்கள் புறநகர் மாவட்டங்களுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள் என்றால், அது பிள்ளைகள் மேல் அவர்கள் வைத்த பற்றினாலேயன்றி நிர்வாகத்தின் திறமையால் அன்று.

கடன் எப்படி வகுப்பறையைத் தின்கிறது என்பதை விளங்கிக்கொள்ள மிச்சிகன் பள்ளிகளின் நாட்காட்டியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பள்ளி மாவட்டத்தின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. மாநில அரசின் நிதியாண்டு தொடங்குவதோ அக்டோபர் 1-இல்தான். மாநில மானியம் அக்டோபர் முதல் ஆகஸ்ட் வரை பதினொரு தவணைகளாக, மாதந்தோறும் 20-ஆம் தேதியை ஒட்டி வரும், செப்டம்பரில் வராது. ஆகவே கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில்தான் கையில் பணம் மிகக் குறைவாக இருக்கும். இந்த இடைவெளியைத் தாண்டத்தான் மாவட்டங்கள் ‘நிதி இருப்பு’ வைத்துக்கொள்கின்றன; கடந்த ஆண்டுகளின் வரவில் செலவு போக மிஞ்சிச் சேர்ந்த தொகை அது. உள்ளாட்சி அமைப்புகள் குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கு ஈடான இருப்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க அரசு நிதி அலுவலர்கள் சங்கத்தின் பரிந்துரை. ஒரு பள்ளி மாவட்டத்தின் நிதி நலத்தை அறிய விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். டெட்ராய்டில் இருப்பு என்பதே இல்லை; பள்ளத்தில்தான் கணக்கு நின்றது. வரப்போகும் மானியத்தைப் பிணையாகக் காட்டிக் குறுகியகாலக் கடன் பத்திரங்களை விற்று, அந்தப் பணத்தில் சம்பளம் கொடுத்து, மானியம் வந்ததும் கடன்காரர்களுக்கு முதலில் கட்டிவிட்டு, மீதத்தில் பள்ளி நடத்துவது ஆண்டுதோறும் வழக்கமாயிற்று. ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய பங்கும் நிலுவையில் விழுந்தது. 2016 பிப்ரவரியில் கடன் தவணை மாதம் 2.6 கோடி டாலராக எகிறும் நிலை வந்தது. பிள்ளைகளின் பெயரால் மாநிலம் அனுப்பிய பணம் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் முன்பே கடன் கணக்கில் கழிந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் ஆசிரியர்கள் கூட்டமாக நோய்விடுப்பு எடுத்தனர். மிச்சிகனில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். விடுப்பு எடுப்பது ஒன்றே அவர்களிடம் எஞ்சிய வழி. ஜனவரி 20 அன்று நூற்றுக்குச் சற்றுக் குறைவான பள்ளிகளில் 88 மூடிக் கிடந்தன. சம்பளத்துக்காக மட்டும் நடந்த போராட்டமாக அதைச் சுருக்குவது சரியன்று. பூஞ்சணம் படர்ந்த சுவர்களும், கூரை ஓட்டைகளும், குளிரில் மேலங்கியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் அந்த வாரங்களில் நிழற்படங்களாக நாடெங்கும் பரவின. ஸ்பெயின் தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், ஒழுகிய நீரில் ஊறிய மரத்தளம் அலையலையாகப் புடைத்து உளுத்துக் கிடந்தது. பிள்ளைகள் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கவே முடியவில்லை. நகர மேயர் மைக் டகன் நேரில் போய்ப் பார்த்தார். அடுத்த மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாயிலாக அந்தப் பள்ளிக்கு ஐந்து லட்சம் டாலர் நன்கொடை கிடைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது நல்ல செய்திதான். ஆயினும், கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளை வரச் சொல்லும் ஓர் அரசு, ஒழுகாத கூரையைத் தொலைக்காட்சிக் கொடையாளியின் இரக்கத்துக்கு விட்டுவிடுவது அறமாகாது.

அவசர மேலாளரின் இடத்துக்கு அப்போது வந்தவர் ஸ்டீவன் ரோட்ஸ். 2013 ஜூலையில் திவால் மனு அளித்த டெட்ராய்ட் மாநகராட்சியின் வழக்கை நடத்தி முடித்த நீதிபதி அவர். பள்ளி மாவட்டம் தனி அமைப்பு என்பதால் அந்த வழக்கில் நகரத்துக்குக் கிடைத்த கடன் விடுதலையில் பள்ளிகளுக்குப் பங்கில்லை. மார்ச்சில் சட்டமன்றம் 4.87 கோடி டாலர் இடைக்கால உதவி அளித்தது. ஜூன் 30-க்குப் பின் சம்பளம் கொடுக்கப் பணமிருக்காது என்று ஏப்ரல் இறுதியில் ரோட்ஸ் ஆசிரியர் சங்கத்திடம் தெரிவித்தார். ஆசிரியர்களில் பலர் பத்து மாத வேலைக்கான சம்பளத்தை ஆண்டு முழுவதற்கும் 26 தவணைகளாகப் பிரித்து வாங்குபவர்கள். கோடை விடுமுறையில் அவர்களுக்கு வர வேண்டியது முன்பே உழைத்துச் சம்பாதித்த பணம். அந்தப் பணம்தான் இல்லை என்றாயிற்று. மே 2-ஆம் தேதியும் மறுநாளும் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் மீண்டும் மூடிக் கிடந்தன.

ஊழல் இல்லாமலும் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில், பள்ளிப் பொருள்கள் விற்ற ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கையூட்டுப் பெற்றதாகப் பத்துக்கும் மேற்பட்ட தலைமையாசிரியர்கள் மீது ஒன்றிய அரசு வழக்குத் தொடுத்தது. வராத பொருளுக்குப் பட்டியல் போட்டு எடுத்த தொகை 27 லட்சம் டாலர். எழுதுபொருள் இல்லாத பிள்ளைகளின் பெயரால் திருடிய அந்தச் செயலுக்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் மாவட்டத்தின் நடைமுறைக் கடன் அப்போது ஏறத்தாழ 50 கோடி டாலர். அதில் இந்தத் தொகை நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

2016 ஜூனில் ஆளுநர் ரிக் ஸ்னைடர் கையெழுத்திட்ட சட்டத் தொகுப்பின் மதிப்பு 61.7 கோடி டாலர். அதில் 46.7 கோடி கடனடைக்க. 15 கோடி புதிதாகத் தொடங்க. ஜூலை 1 முதல் மாவட்டம் இரண்டானது. ‘டெட்ராய்ட் பொதுப் பள்ளிகள்’ என்ற பழைய அமைப்பு ஒரு பிள்ளைகூட இல்லாத வெறும் பெயராக நின்று, நகரத்துச் சொத்துகளிலிருந்து 18 மில் வரியைத் தொடர்ந்து வசூலித்துக் கடனை அடைக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. ‘டெட்ராய்ட் பொதுப் பள்ளிகள் சமூக மாவட்டம்’ என்ற புதிய அமைப்பு கடன் சுமையின்றிப் பள்ளிகளை நடத்தும். உள்ளூர் வரியை இழந்த புதிய மாவட்டத்துக்கு மாநிலமே ஈடுகட்டும். புகையிலை நிறுவனங்களிடமிருந்து மாநிலத்துக்கு ஆண்டுதோறும் வரும் இழப்பீட்டுத் தொகையிலிருந்து இந்த உதவிக்குப் பணம் ஒதுக்கினர். கணக்கியல் நோக்கில் இது திறமையான ஏற்பாடு. குறைகளோ சிறியவையல்ல. புதிய பள்ளிகள் எங்கே திறக்கலாம், எவை மூடலாம் என்று முடிவெடுக்க டெட்ராய்ட் கல்வி ஆணையம் ஒன்றை அமைக்கவும், 71.5 கோடி டாலர் அளிக்கவும் மாநில மேலவை நிறைவேற்றியிருந்த மசோதாவைக் கீழவை ஏற்கவில்லை. சார்ட்டர் பள்ளி ஆதரவாளர்களின் எதிர்ப்பில் ஆணையம் கைவிடப்பட்டது. சான்றிதழ் இல்லாதவர்களை ஆசிரியர்களாக அமர்த்தலாம் என்ற தளர்வு மட்டும் சட்டத்தில் இடம்பெற்றது, அதுவும் டெட்ராய்டுக்கு மட்டும். மாநிலத்தின் மிக ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி குறைந்த ஆசிரியர் போதும் என்ற அந்த முடிவை எந்தப் பற்றாக்குறையைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

2017 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் பொறுப்பேற்றது. அந்த வாரியம் கண்காணிப்பாளராக நியமித்த நிக்கோலாய் விட்டி அவ்வாண்டு மே மாதம் பணியில் சேர்ந்தார். அதன் பின் மாவட்டம் வரவுக்குள் செலவை நிறுத்தி, உபரியும் காட்டி, ஆசிரியர் சம்பளத்தையும் படிப்படியாக உயர்த்தியது. அந்த மக்களுக்கு ஆளத் தெரியாது என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. ஆனால் கட்டடங்களின் சுமை அப்படியே நின்றது. 2018-இல் நடந்த மதிப்பீடு, உடனடிப் பழுதுபார்ப்புக்கு 50 கோடி டாலர் தேவை என்றும், தள்ளிப்போட்டால் ஐந்தாண்டுகளில் அது 140 கோடி ஆகும் என்றும் கணக்கிட்டது. அதே ஆண்டு கோடையில், ஈயமும் செம்பும் கலந்திருந்ததால் எல்லாப் பள்ளிகளிலும் குடிநீர்க் குழாய்களை அடைத்துவிட்டு, வடிகட்டும் நீர் நிலையங்களை நிறுவ வேண்டியதாயிற்று. பழைய மாவட்டத்தின் கட்டடக் கடனுக்கான வரியே நகரத்தார் மேல் நெடுங்காலத்துக்கு இருந்ததால், கூரைகளுக்கென வாக்காளர்களிடம் புதிய பத்திரத்துக்கு ஒப்புதல் கேட்கும் வழி, பிற மாவட்டங்களுக்குத் திறந்திருந்த அளவுக்கு இந்த மாவட்டத்துக்குத் திறந்திருக்கவில்லை.

இதற்கிடையே டெட்ராய்ட் மாணவர்கள் 2016-இல் தொடுத்த ஒரு வழக்கு, எழுத்தறிவு பெறுவது அரசமைப்பு உரிமையா என்ற கேள்வியை எழுப்பியது. 2020 ஏப்ரலில் ஒன்றிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, குறைந்தபட்ச அடிப்படைக் கல்விக்கு உரிமை உண்டு என்றது. மறு மாதம் ஆளுநர் கிரெட்சன் விட்மர் வழக்கை உடன்பாட்டில் முடித்துக்கொண்டார். அதே மாதம் முழு நீதிமன்றமும் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டதால் அமர்வின் தீர்ப்பு செல்லாததாயிற்று. உடன்பாட்டின்படி டெட்ராய்டின் எழுத்தறிவுத் திட்டங்களுக்கு 9.44 கோடி டாலர் கேட்பதாக ஆளுநர் ஏற்றிருந்தார். சட்டமன்றம் அதை ஒதுக்க 2023 ஆயிற்று. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் நான்காம் வகுப்பை எட்டியிருந்தது.

கோவிட் காலத்தில் ஒன்றிய அரசு அளித்த மீட்பு நிதியில் டெட்ராய்ட் மாவட்டத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 127 கோடி டாலர். தொடர் சம்பளச் செலவுகளில் அதைக் கரைக்காமல், 70 கோடி டாலரைப் பள்ளிக் கட்டடங்களுக்கென 2022-இல் மாவட்டம் ஒதுக்கியது. ஒருமுறை மட்டும் வரும் பணத்தை ஒருமுறை மட்டும் செய்யும் வேலைக்குச் செலவிடுவது நிதி நிர்வாகத்தின் பாலபாடம். நாட்டின் பல மாவட்டங்கள் அந்தப் பணத்தில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிவிட்டு, 2024 செப்டம்பரில் அது முடிவுக்கு வந்தபோது பள்ளத்தில் விழுந்தன. எனினும், பெருந்தொற்று ஒன்று வந்ததால் கிடைத்த பணத்தைக்கொண்டு டெட்ராய்ட் தன் கூரைகளைச் செப்பனிட வேண்டியிருந்தது என்பதே மிச்சிகனின் பள்ளி நிதி முறையில் உள்ள ஓட்டையைக் காட்டப் போதும். 1994-இல் நடைமுறைச் செலவைப் பகிர்ந்துகொண்ட மாநிலம், கட்டடச் செலவிலும் அதே போலப் பங்கேற்கச் சட்டம் இயற்ற வேண்டும். மாணவர் வெளியேறும் ஆண்டுகளில் மானியம் ஒரேயடியாக விழாமல் படிப்படியாகக் குறையும்படி கணக்கிட வேண்டும். 2016-இல் கைவிட்ட, பள்ளிகளின் இருப்பிடத்தைத் திட்டமிடும் ஆணையத்தை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இவை மூன்றும் டெட்ராய்ட் கல்வி வாரியத்தின் கையில் இல்லை. லான்சிங்கில் உள்ள மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கின்றன.